கொல்லும் சாரமும் குணமாக்கும் மருந்தும்: மூலிகைகளின் செல் நச்சுமைச் சோதனையைப் படிக்கும் முறை குறித்து

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். புண்ணின் மீது சில மணி நேரமோ சில நாளோ கிடந்துவிட்டுக் கழற்றி எறியப்படும் துணி அது. உடலைத் தொடும் மருத்துவப் பொருள்களுக்கென உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலைத் தொடரின் ஐந்தாம் பகுதி (2009ஆம் ஆண்டுப் பதிப்பு), இத்தகைய பொருளை ஊட்டநீரில் ஊறவைத்து, அந்த ஊறல் நீரை உயிருள்ள செல்களின் மீது விட்டுப் பார்க்கச் சொல்கிறது. வழக்கமாக இதற்கு எடுப்பது எல்929 என்ற சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல். செல்களின் உயிர்ப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பொருளில் நச்சு இயல்பு உண்டு என்று பொருள். வெளுப்பதற்கு இட்ட மருந்து சரியாக அலசப்படாமல் நூலில் தங்கியிருந்தால்கூட இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே செல் இறப்பது தோல்வி. இதே ஊர்களுக்கு மேற்கே நிற்கும் மலையிலிருந்து ஒரு மூலிகையைப் பறித்து, அதன் சாரத்தை இதே வகைச் சோதனைக்கு உட்படுத்தினால், படிக்கும் முறை தலைகீழாகிவிடுகிறது. செல் இறந்தால் வெற்றி; ‘புற்றுநோய்க்கு எதிரான ஆற்றல்’ என்று ஆய்வேட்டின் தலைப்பிலேயே ஏறிவிடுகிறது. துணிக்கு ஒரு நியாயம், செடிக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மூலிகையின் செல் நச்சுமைச் சோதனை முதலாவதாக ஒரு பாதுகாப்புச் சோதனை. அது மருந்துச் சான்றாக வேண்டுமானால் தாண்ட வேண்டிய படிகள் பல. அவற்றைத் தாண்டாத முடிவை மருந்தென்று அறிவிப்பது அறிவியலுக்கும் ஆகாது, சித்த மருத்துவத்துக்கும் ஆகாது.

இந்த வாதத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மலை பொருத்தமான களம். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு இது. வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மலையேறுகிறவர்களுக்கு அது சுந்தர மகாலிங்கத்தின் மலை மட்டுமன்று, சித்தர்களின் மூலிகை மலையும்கூட. செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில், தாணிப்பாறைப் பகுதிகளில் வாழும் பளியர்களுக்குக் கிழங்கும் பட்டையும் வேரும் அன்றாட அறிவு. அடிவாரத்தில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி, கிழக்கே சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, தெற்கே பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி. காடு, அதை அறிந்த மக்கள், மருத்துவ மரபு, ஆய்வுக்கூடம் ஆகிய நான்கும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இங்கு சோதனை சரியாக நடந்தால் பயன் பெரிது. தவறாகப் படிக்கப்பட்டால் கேடும் அந்த அளவுக்குப் பெரிது. இனி நான் குறை சொல்லப்போவது எந்த ஒரு நிறுவனத்தையும் அன்று. நாடு முழுக்க, ஏன், உலகெங்கும் வேரூன்றிவிட்ட ஒரு படிப்பு முறையைத்தான்.

சோதனையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் செல்களை விட்டு, அவை அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு நாள் விடுகிறார்கள். காய்ந்த இலையை மெத்தனாலில் ஊறவைத்து வடித்து உலர்த்திய சாரத்தை டி.எம்.எஸ்.ஓ. திரவத்தில் கரைத்து, படிப்படியாகக் கூடும் அளவுகளில் சேர்க்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் நிறப் பொருளை ஊற்றினால், உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஒடுக்கி ஊதாப் படிகமாக மாற்றுகின்றன. படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். ஊதா அடர்ந்திருந்தால் செல் உயிரோடு இருக்கிறது, வெளிறியிருந்தால் இறந்துவிட்டது என்பது கணக்கு. ஊதாவைப் பாதியாகக் குறைக்கும் சாரத்தின் அளவுதான் ஐ.சி.50 என்ற எண். 1983இல் டிம் மோஸ்மன் முன்வைத்த இந்த முறை எளியது, மலிவானது. கதிரியக்கப் பொருள் தேவையில்லை. மாவட்டக் கல்லூரி வரை அது வந்து சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தட்டு அளப்பது செல்லின் உயிரை அன்று, ஒரு நிறமாற்றத்தைத்தான்.

நிறமாற்றத்துக்குச் செல்தான் வேண்டும் என்பதில்லை. கடுக்காய், நெல்லிக்காய், தேயிலை போன்றவற்றில் நிறைந்திருக்கும் பாலிபீனால்கள் தாமாகவே எம்.டி.டி.யை ஊதாவாக்கவல்லவை. தாவரச் சாரங்களும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் இப்படிக் குறுக்கிடுவதை 2002இல் பிளாண்டா மெடிக்கா இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாகவே காட்டியது. செல் செத்துக் கிடக்கும் குழியும் ஊதாவாகத் தெரியும். நச்சுச் சாரம் நல்ல சாரமாகத் தோன்றும். எதிர்த்திசையிலும் பிழை வரும். அதே பாலிபீனால்கள் ஊட்டநீரில் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கக்கூடியவை. அப்போது செல்லைக் கொல்வது மூலிகை அன்று, குழிக்குள் உருவான பெராக்சைடு. மனித வயிற்றிலோ இரத்தத்திலோ அது அப்படி நிகழ வேண்டியதில்லை. மஞ்சளின் குர்குமின் இதற்குத் தெரிந்த பாடம். ஆயிரக்கணக்கான ஆய்வுத்தாள்களில் அது எதைத் தொட்டாலும் வெற்றி தந்தது. 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெல்சனும் சக ஆய்வாளர்களும் அந்தச் சான்றுகளை மறுபரிசீலனை செய்தபோது, குர்குமின் பலவகைச் சோதனைகளையே குழப்பிவிடும் மூலக்கூறு என்பதையும், நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளுக்குப் பிறகும் முறையான கட்டுப்பாட்டு ஆய்வில் அதன் வெற்றி நிறுவப்படவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். மஞ்சள் பயனற்றது என்பதன்று இதன் பொருள். தட்டு சொன்னதை உடல் சொல்லவில்லை என்பதே பொருள்.

நிறக்கணக்கு சரியாகவே இருக்கிறது, செல் உண்மையிலேயே இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மருந்து கிடைத்துவிடவில்லை. செங்காந்தளை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிராகிறது. அதிலுள்ள கோல்ச்சிசின் செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுத்து, பிரிவை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. 1930களிலிருந்து தாவர இனவிருத்தியாளர்கள் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க அதைப் பயன்படுத்துவது இந்த இயல்பினால்தான். புற்றுநோய்ச் செல்களின் தட்டில் விட்டால் மிகக் குறைந்த அளவிலேயே அது செல்களைச் சாய்க்கும், ஐ.சி.50 பட்டியலில் முதலிடத்துக்குப் போட்டியிடும். ஆயினும் அது புற்றுநோய் மருந்தாகவில்லை. புற்றுச் செல்லுக்கும் குடற்சுவர்ச் செல்லுக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்லுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. கிழங்கை வேறு கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வாத இரத்தம் எனப்படும் கவுட் நோய்க்கு மில்லிகிராம் கணக்கில், மிகுந்த கவனத்தோடு தரப்படும் மருந்தாக அது நிலைத்திருக்கிறது. கொல்லும் வலிமை இருக்கிறது. பிரித்துக் கொல்லும் திறம் இல்லை. மருந்தைத் தீர்மானிப்பது பின்னது.

இதனால்தான் இயல்பான செல்லோடு ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆய்வேடுகள் ஒப்பிடவும் செய்கின்றன. ஆனால் எந்த இயல்பான செல்? இங்கேதான் அரளி ஒரு பொறியை வைத்திருக்கிறது. நான்குவழிச் சாலையின் நடுவிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் அரளியிலும் மஞ்சள் அரளியிலும் உள்ள இதய கிளைக்கோசைடுகள், செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பை அடைத்து அதைக் கொல்கின்றன. மனிதச் செல்லின் பம்பு இவற்றுக்கு எளிதில் பணிந்துவிடும். எலி, சுண்டெலிச் செல்களின் பம்போ நூறு மடங்குக்கு மேலும் தாங்கும். ஆகவே மனிதப் புற்றுச் செல்லான ஹீலாவையும், ‘இயல்பான செல்’ என்று சுண்டெலியின் எல்929ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரளிச் சாரத்தை விட்டால், ஹீலா சாகும், எல்929 பிழைத்திருக்கும். புற்றை மட்டும் தேடிக் கொல்லும் அற்புத மருந்து என்று தோன்றும். உண்மையில் நாம் கண்டது புற்றுக்கும் இயல்புக்கும் உள்ள வேற்றுமையை அன்று. மனிதனுக்கும் எலிக்கும் உள்ள வேற்றுமையை. மஞ்சள் அரளி விதையைத் தின்று யாழ்ப்பாணம் உள்ளிட்ட இலங்கைப் பகுதிகளில் 1980களிலிருந்து மாண்ட இளையோரின் எண்ணிக்கையை அறிந்தவர்கள், இந்தப் பிழை எவ்வளவு கொடியது என்பதை உணர்வார்கள்.

எட்டி இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது. எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின் ஏறத்தாழ 100 மில்லிகிராம் உள்ளே போனால் வளர்ந்த மனிதரையே கொன்றுவிடக்கூடியது. அந்த அளவு உடல் நீர் முழுவதிலும் பரவினால் ஒரு மில்லிலிட்டருக்கு மூன்று மைக்ரோகிராம் அளவுக்கே வரும். அந்தச் செறிவில் தட்டிலுள்ள ஹீலாவுக்கு ஒன்றும் ஆகாது. காரணம், ஸ்ட்ரிக்னின் தாக்குவது தண்டுவட நரம்புகளின் தடுப்பு ஏற்பிகளை. தட்டில் தண்டுவடம் இல்லை. ஆகவே ‘செல் நச்சுமை இல்லை, எனவே பாதுகாப்பானது’ என்று எழுதும் ஆய்வேடும் ‘செல் நச்சுமை உண்டு, எனவே மருந்து’ என்று எழுதும் ஆய்வேடும் ஒரே பிழையின் இரு முகங்கள். செல் சோதனையில் தேறாதது ஐயத்துக்கு உரியது. தேறியது அடுத்த சோதனைக்கு உரியது. அதற்கு மேல் அந்தத் தட்டால் சொல்ல முடியாது.

அளவையும் கணக்கிட்டாக வேண்டும். ஒரு மெத்தனால் சாரத்தின் ஐ.சி.50 மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்றால் ‘நல்ல செயல்திறன்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் நீர் ஏறத்தாழ 36 லிட்டர். அந்தச் செறிவை அங்கே எட்ட 3.6 கிராம் சாரம் முழுவதும் உட்கிரகிக்கப்பட்டு, கல்லீரலில் சிதையாமல், சிறுநீரில் போகாமல் நிற்க வேண்டும். இலையிலிருந்து பத்தில் ஒரு பங்கு சாரம் கிடைப்பதாகக் கொண்டால் 36 கிராம் காய்ந்த இலை. அதுவும் தட்டில் இருந்ததுபோல் இரண்டு நாள் குறையாமல் நிற்க. ஒரு வேளை மூலிகைக் குடிநீருக்கு எடுக்கும் பொடி சில கிராம்தான். அதை நீரில் போட்டு நான்கில் ஒன்றாக வற்றவைத்துக் கொடுக்கிறோம். பாலிபீனால்களில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அளவுகோலாக ஆய்வுலகில் நீண்ட காலமாக எடுத்தாளப்படுவது சாரத்துக்கு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள், தனிச் சேர்மத்துக்கு 4 மைக்ரோகிராமுக்குள் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், 100, 200 என்ற எண்களைக் கொண்டாடுவது ஏன் முறையாகாது என்பது விளங்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இன்று மருத்துவமனைகளில் தரப்படும் கீமோ மருந்துகளில் பலவும் செல் நஞ்சுகள்தாமே. நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வரவில்லையா? வந்தன. ஆனால் வந்த வழியைப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக வழங்கிய அந்தச் செடியைக் கனடாவில் நோபிள், பீர் என்ற ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. உயிருள்ள உடலில், குறிப்பிட்ட ஒரு செல் வகையின் மீது கண்ட அந்த விளைவுதான் இரத்தப் புற்றுக்கான மருந்துக்கு வழிகாட்டியது. 1958இல் பிரித்தெடுப்பு அறிவிக்கப்பட்டு, 1960களில் மருந்தாயிற்று. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆகவே நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் வின்பிளாஸ்டின் ஏற்றுவதும் ஒன்றாகா.

கேம்ப்டோதெசினின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அதில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பங்கு உண்டு. 1966இல் வால், மன்சுக் வானி என்ற ஆய்வாளர்கள் ஒரு சீன மரத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்து பின்னர் மும்பையில் சீபா ஆய்வு மையத்தை நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனோடு சேர்ந்து 1972இல் அதே சேர்மத்தை நம் மலைத்தொடரின் நோத்தாபோடைட்டஸ் மரத்தில் கண்டறிந்தார். சீன மரத்தைவிட அதிகமாகவே அதில் இருந்தது. தமிழ் வேதியியலின் பெருமிதத்துக்குரிய பக்கம் அது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் கைவிடப்பட்டன. நீரில் கரைய வேண்டுமென்று சோடிய உப்பாக மாற்றிக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவும் மஜ்ஜைச் சிதைவும் ஏற்பட்டன. செல்லைக் கொல்லும் ஆற்றலில் ஐயமே இல்லை, மருந்துதான் இல்லை. 1985இல் அதன் இலக்கு டோப்போஐசோமரேஸ்-1 என்ற நொதி என்று தெரிந்து, மூலக்கூறைத் திருத்தி, டோப்போடெக்கானும் இரினோடெக்கானும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1996இல்தான். தட்டுக்கும் மருந்துக்கும் நடுவே முப்பது ஆண்டு. அந்த இடைவெளியில் நடந்த உழைப்புக்குத்தான் மருந்து என்று பெயர். இதில் இன்னொரு விலையும் உண்டு. சேர்மத்துக்காக வெட்டப்பட்டு வெட்டப்பட்டு, நோத்தாபோடைட்டஸ் இன்று அருகிவரும் மரமாகிவிட்டது. ஒரு செடியின் மீது ‘புற்றுநோய் மருந்து’ என்ற முத்திரையை அவசரப்பட்டுக் குத்தினால் முதலில் அடிபடுவது காடுதான். சதுரகிரிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு மரபின் பெயரால் வருவது. பல நூற்றாண்டாக உண்டு வந்ததற்கு என்ன நச்சுச் சோதனை? 2010இல் மருந்து விதிகளில் சேர்ந்த 158-பி விதியும், மூலநூலில் உள்ளபடி செய்யும் மருந்துக்குத் தனி நச்சுமை ஆய்வு கேட்பதில்லை. இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. உண்டவுடன் வாந்தி வருவதையும், தொட்டவுடன் கொப்புளம் வருவதையும் மரபு கூர்மையாகக் கண்டு வைத்திருக்கிறது. இந்த மாவட்டத்தின் கரிசல் மண்ணில் படர்ந்து கிடக்கும் ஒரு கொடிக்கு ஆடுதீண்டாப்பாளை என்றே பெயர். பெயரே ஒரு நச்சுமைக் குறிப்பு. ஆடு மேய்த்தவன் பார்த்துச் சொன்ன சொல். ஆனால் ஆடு விலகுவது கசப்பால். அந்தக் கொடியிலும் ஈசுவரமூலியிலும் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகக் குழல்களில் புகுந்து, மரபணுவில் ஒட்டி, ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தைச் சுருக்கி, சிறுநீர்ப் பாதையில் புற்றை உண்டாக்குவதைக் கண்ணால் பார்த்து எவரும் இணைத்திருக்க முடியாது. உட்கொண்டதற்கும் நோய்க்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோதுதான் உலகம் விழித்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒப்புமையால் அரிஸ்டோலோகியா இனச் செடி ஒன்று கலந்துவிட்டிருந்தது. பாதிக்கப்பட்டோர் நூறு பேர் வரை. 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலம் கொண்ட மூலிகைகளை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்தது. ஹீலாவில் 48 மணி நேரச் சோதனை இதைச் சொல்லாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அமிலத்தை உள்ளே இழுக்கும் கடத்திகளைக் கொண்ட சிறுநீரகச் செல்லும், மரபணுச் சிதைவை அளக்கும் சோதனையும் வேண்டும். எந்தச் செடிக்கு எந்தச் செல் என்று கேட்காமல் கையிருப்பில் உள்ள செல்லைப் பயன்படுத்துவது சோதனை ஆகாது. பெயர்க் குழப்பம் நமக்கும் உண்டு. நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் ஒன்றான பற்பாடகம் சித்த மருத்துவத்தில் ஒரு செடி, கேரளத்தில் வேறொரு செடி, வடநாட்டு ஆயுர்வேதத்தில் மூன்றாவது ஒன்று. உலர் மாதிரித் தாள் வைத்து இனம் உறுதி செய்யாத சாரத்தின் எண்ணுக்கு உரிமையாளர் யார் என்றே தெரியாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிக மதிக்கிறேன். சித்த மருத்துவம் உடலை வாதம், பித்தம், கபம் என்ற முழுமையில் காண்கிறது. தட்டில் ஒட்டிய செல்லைக் கொண்டு அதை எடைபோடுவது பொருந்தாது என்பது அது. நோய் தீர்ப்பதைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் நச்சைப் பற்றி அந்த மருத்துவமே பேசுகிறது. சரக்கின் நச்சை நீக்கும் சுத்தி என்று ஒரு தனித் துறையையே அது வளர்த்தது. சேங்கொட்டையின் மூக்கை அறுத்து எண்ணெயைப் போக்காமல் மருந்தில் சேர்ப்பதில்லை; குன்றிமணியைப் பாலில் வேகவைக்காமல் சேர்ப்பதில்லை. குன்றிமணியின் அப்ரின், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமை முடக்கும் கொடிய நஞ்சு. அது ஒரு புரதம் ஆகையால் வேகும்போது குலைந்துவிடும். சுத்தி செய்யாத விதையின் நீர்ச்சாறு ஒரு வரிசையிலும், சுத்தி செய்த விதையின் சாறு அடுத்த வரிசையிலும் இருக்கும் தட்டைக் கற்பனை செய்யுங்கள். முதல் வரிசை செத்து, இரண்டாம் வரிசை பிழைத்திருந்தால், பழைய வைத்தியரின் அடுப்பு செய்த வேலையை அந்தத் தட்டு எண்ணாக எழுதிக் காட்டுகிறது. எவ்வளவு நேரம் வேக வேண்டும், பால்தான் வேண்டுமா நீர் போதுமா என்றெல்லாம் அடுத்தடுத்துக் கேட்கலாம். செல் நச்சுமைச் சோதனை சித்த மருத்துவத்தோடு இயல்பாகக் கைகோக்கும் இடம் புற்றுநோய் அன்று, சுத்திதான். ஆனால் நடைமுறையில் நாம் பச்சைச் செடியை எடுத்து, எந்த வைத்தியரும் தொடாத மெத்தனாலிலும் பெட்ரோலியம் ஈதரிலும் ஊறவைத்துவிட்டு, முடிவை மரபின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மக்கள் குடிப்பது குடிநீர். சோதிக்கப்படுவது வேறொரு பொருள். பளியரிடம் கேட்டு எழுதும் பட்டியல்களிலும் செடியின் பெயரும் நோயின் பெயரும் இருக்கும். எவ்வளவு, எப்படி, எத்தனை நாள், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பகுதிதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். நச்சியலுக்கு உயிரான பகுதி அது.

வசதி இல்லை என்பது கடைசி மறுப்பு, ஓரளவு நியாயமானதும்கூட. புனேயிலுள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து செல் வரிசைகளை வாங்கி, மாசு புகாமல் பேணி, அவை பெயருக்கேற்ற செல்தானா என்று மரபணு வழியே சரிபார்ப்பது செலவுள்ள வேலை. கல்லூரிகள் சேர்ந்து ஒரு பொது வசதியாக அதை நடத்தலாம். ஆனால் நான் மேலே கேட்டவற்றில் பலவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. செல் இல்லாத குழியில் சாரத்தையும் எம்.டி.டி.யையும் மட்டும் விட்டு ஊதா வருகிறதா என்று பார்க்க ஒரு வரிசை போதும். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து மறுபடி பார்க்க இன்னொரு வரிசை. குடிநீராகவே காய்ச்சிய சாரம் மூன்றாவது வரிசை. மனிதப் புற்றுச் செல்லுக்கு மனித இயல்புச் செல்லோடுதான் ஒப்பீடு என்பது ஒரு முடிவு, அவ்வளவே. நான் கேட்பது 96 குழித் தட்டில் 36 குழிகள்.

சத்திரப்பட்டித் தறியில் இறங்கும் துணிக்கு 70 விழுக்காடு என்ற கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை இந்த வட்டாரத்து ஆய்வேடுகளும் ஏற்கட்டும். ஒரு மூலிகைச் சாரம் மனித இயல்புச் செல்லின் உயிர்ப்பை 70 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால், அதை ‘நச்சு இயல்பு உடையது’ என்று முதல் பக்கத்திலேயே எழுதட்டும். புற்றுச் செல்லைக் கொன்றது என்ற செய்தி அதற்குப் பின்னால் வரட்டும். ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும் இதழ்களின் மதிப்பீட்டாளர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே: தட்டுச் சோதனையோடு நின்றுவிட்ட ஓர் ஆய்வேடு ‘புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல்’ என்ற தலைப்போடு உங்கள் மேசைக்கு வரும்போது, அந்தச் சொற்களை அடித்துவிட்டு ‘செல் நச்சுமை’ என்று எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.